டேபிள் மாட்டுற இடம்

ஜூலை 4

நேத்து வளைகாப்பு முடிஞ்சுது. முழங்கை வரைக்கும் வளையல் கிடக்கு. ஒரு வரி எழுதுறதுக்குள்ள கலகலன்னு அம்புட்டுச் சத்தம். மதினி அடுக்களையிலயிருந்து "என்னட்டி பண்ணுத?"ன்னு கேக்கா. சும்மா கிறுக்குதேன்னு சொல்லிட்டேன். அண்ணனுக்கு ஆபீஸ்ல குடுத்த டைரி, பாதி வருசமாச் சும்மா கிடந்துச்சு. யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு வயிறு வெடிச்சிரும். அது ஏற்கெனவே வெடிக்கிற மாதிரித்தான் இருக்கு.

எல்லாரும் வந்தாக. ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் வந்தாக. போர்மேன் வீட்டம்மா பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்தாக. என்னைக் கட்டின மனுசன் மட்டும் வரலை. வெளியூர் போயிட்டார்னா கூட மனசைத் தேத்திக்கிடலாம். ஜன்னல் வழியாப் பார்த்தா நேரே தெரியுதாரு, டர்ன்டேபிள் குழிக்குள்ள இறங்கி உக்காந்து கிரீஸ் போட்டுக்கிட்டு. பொம்பளைக குலவை போடுதாக, அந்த மனுசன் தலையைக் கூடத் தூக்கலை. வந்தவுக எல்லாம் ஜன்னலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

அண்ணன் மூஞ்சி கறுத்துப் போச்சு. "இன்னியோட அவன்கூடப் பேச்சு முடிஞ்சுது"ன்னான். நானும் சொல்லிட்டேன். பிள்ளை பிறந்தாலும் சரி, நான் அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்.

ஜூலை 5

கால் வீங்கியிருக்கு. வெந்நீர் ஊத்தினேன்.

ஜூலை 7

இங்க நடக்கிற கூத்தை எழுதணும்னா முதல்ல இடத்தைச் சொல்லணும். செங்கரை கடைசி ஸ்டேஷன், இதுக்கு மேல தண்டவாளம் கிடையாது. வந்த எஞ்சின் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தானே போகணும், அதுக்குத்தான் டர்ன்டேபிள். இங்க எல்லாரும் டேபிள்னுதான் சொல்லுவாக. பெரிய வட்டக் குழி, நடுவுல ஒரு முளை, முளை மேல ஒரு இரும்புப் பாலம், பாலத்து மேல தண்டவாளம். எஞ்சின் தெக்கயிருந்து வந்து அதுல ஏறி நிக்கும். டிரைவர் கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்னன்னு நகர்த்தி, எடை சரியா நடுவுல விழுற மாதிரி நிறுத்திட்டார்னா, அம்புட்டுப் பெரிய எஞ்சினை ரெண்டே ரெண்டு ஆளு தள்ளிச் சுத்திரலாம். பாலத்தோட வடக்கு முனையில ஒருத்தர், தெக்கு முனையில ஒருத்தர். நீளக் கட்டையைப் பிடிச்சுக் குழி விளிம்புலயே நடந்து தள்ளுவாக. பாதி வட்டம் சுத்தினா முகம் திரும்பிரும்.

தெக்கு முனையில தள்ளுதவன் எங்க அண்ணன் உலகநாதன். வடக்கு முனையில கொம்பையா, என்னைக் கட்டினவர். வாயால பேர் சொல்லக்கூடாது, எழுதினா என்ன வந்திரப் போகுது. "எதிர் முனையில ஒழுங்காத் தள்ளுதவன் குடும்பத்தையும் ஒழுங்காத் தள்ளுவான்"னு சொல்லித்தான் அண்ணன் என்னை அங்க கட்டிக் குடுத்தான். 

டேபிளுக்குக் கிழக்கே அண்ணன் குவார்ட்டர்ஸ். மேற்கே அந்த மனுசன் குவார்ட்டர்ஸ். பிள்ளைத்தாச்சி தாய் வீட்டுக்குப் போறான்னா வில்வண்டி, பூ, பழத்தட்டுன்னு இருக்கும். நான் டேபிளைச் சுத்தி நடந்து வந்தேன், அம்புட்டுத்தான். அம்மையும் அப்பாவும் இல்லை, அண்ணன் வீடுதான் தாய் வீடு.

ஜூலை 9

இன்னிக்குச் சிரிச்சுட்டேன். சிரிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

டேபிளை வலமாவும் சுத்தலாம், இடமாவும் சுத்தலாம். எப்பிடிச் சுத்தினாலும் ஒரு ஆள் எங்க ஜன்னல் பக்கமா வருவாரு, இன்னொரு ஆள் மேற்கு வழியாப் போவாரு. எப்பவும் அண்ணன் "மாப்ளே, வலம்"னு குரல் குடுப்பான், அவரு "சரி மச்சான்"ம்பாரு. இப்பத்தான் பேச்சு கிடையாதே. வடக்கு முனைக்காரர் கிழக்கு வழியா வரணும்னு வலமாத் தள்ளுதாரு. அந்த மனுசன் முகம் என் கண்ணுல படக்கூடாதுன்னு, அண்ணன் தானே கிழக்கு வழியா வரப்பார்த்து இடமாத் தள்ளுதான். ரெண்டு பேர் கழுத்து நரம்பும் புடைக்குது, எஞ்சின் அப்பிடியே நிக்குது. டிரைவர் சந்தியாகு அண்ணாச்சி கீழே குனிஞ்சு பார்க்காரு, பிரேக்கைப் பார்க்காரு, ஒண்ணும் விளங்கலை. பிறகு அந்தக் கடைசியைப் பார்த்தாரு, இந்தக் கடைசியைப் பார்த்தாரு. "ஏலே, ரெண்டு பேரும் எனக்கு எதிரா மல்லுக்கு நிக்கேளா, இல்ல ஒருத்தனுக்கொருத்தனா?"ன்னு கேட்டாரு.

வடகம் பிழிஞ்சு காயப்போட்டேன். கரித்தூள் விழுந்து பாதி கறுப்பாயிட்டுது.

ஜூலை 12

மூணு நாளா அண்ணன் காட்டுல மழை. அவன்தான் கிழக்கு வழியா வாறான். அந்த மனுசன் எஞ்சினுக்கு அந்தாண்ட போயிருதாரு. சக்கரத்துக்கு நடுவுல கால் மட்டும் தெரியும். இடது கால் பெருவிரல்ல துணி சுத்தியிருக்கு. கல்லுல இடிச்சிருப்பாரு. மஞ்சள் வச்சுக் கட்ட ஆள் இல்லையாக்கும். எனக்கென்ன.

ஜூலை 13

துணியை மாத்தவே இல்லை. அதே அழுக்குத் துணி.

ஜூலை 17

மழை. எதைப் பத்தி எழுதக்கூடாதுன்னு இருந்தேனோ அதை எழுதுதேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி முதல் பிள்ளை உண்டானப்ப, அந்த மனுசன் தரையில நிக்கலை. வளைகாப்புக்கு மைக் செட் வச்சாரு. ஷெட்டுல நின்ன எஞ்சினை எல்லாம் விசில் அடிக்கச் சொன்னாரு. பழைய பெட்டிப் பலகையை இழைச்சு இழைச்சு ஒரு தொட்டில் செஞ்சாரு. ஊர்ல போறவன் வாறவனை எல்லாம் கூப்பிட்டு அதைக் காட்டினாரு. எட்டாம் மாசத்துலயே பிள்ளை வந்துட்டுது. ஆம்பிளைப் பிள்ளை. ஒரு பகல்தான் இருந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் தொட்டிலைப் பரண்ல ஏத்தினாரு. அதோட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. இந்தத் தடவை உண்டாயிருக்கேன்னு சொன்னப்ப "ம்"ன்னாரு. அம்புட்டுத்தான். வளைகாப்புன்னதும் "அதெல்லாம் என்னத்துக்கு"ன்னாரு. இந்தப் பிள்ளை வேண்டாம்னு நினைக்காரோ என்னவோ. அப்பிடி நினைச்சா எனக்கு அந்த வீடும் வேண்டாம், அந்த மனுசனும் வேண்டாம்.

எனக்கு ஏழு முடியப் போகுது. எட்டாம் மாசத்தை எப்பிடித் தாண்டப் போறேன்னு தெரியலை. பயமா இருக்கு. மதினிகிட்டச் சொன்னா அவ அழுதிருவா.

ஜூலை 23

வலமா, இடமாங்கிற சண்டையைச் சந்தியாகு அண்ணாச்சி தீர்த்து வச்சுட்டாரு. "இனிமே எப்பவும் வலம். ஒருத்தனும் வாய் திறக்க வேண்டாம்." அதனால வடக்கு முனைக்காரர்தான் தினமும் இந்தப் பக்கமா வாறாரு. பார்க்கக் கூடாதுன்னு ஜன்னல் கதவைச் சாத்தினேன். புழுக்கம் தாங்கலை, திறந்துட்டேன்.

ஜூலை 26

டேபிள்ல ஏதோ கோளாறு. பாதி சுத்துறதுக்குள்ள மாட்டிக்கிடுது. சரியா எங்க ஜன்னலுக்கு நேரே வந்ததும் நின்னு போகுது. அந்த மனுசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்காரு, கழுத்தைத் துடைக்காரு, திரும்ப முகத்தைத் துடைக்காரு. பிறகு தள்ளினா நகருது.

ஆளு மெலிஞ்சு போயிட்டாரு. தானே பொங்கித் தின்னா அப்பிடித்தான்.

ஆகஸ்ட் 2

இன்னிக்கும் மாட்டிச்சு. தினமும் அதே இடம். அண்ணன் சாப்பிட வந்தப்ப கேட்டேன்.

"ஏண்ணே, டேபிள் ஏன் இந்த இடத்துல நிக்குது?"

"முளை தேஞ்சிருக்கும்."

"கிரீஸ் போடக் கூடாதா?"

"போடுவோம் போடுவோம். நீ அங்க என்னத்துக்குப் பாக்குத?"

நான் எங்க பார்த்தேன். ஜன்னல் இருக்கு, தெரியுது.

ஆகஸ்ட் 5

எட்டாம் மாசம் பிறந்துட்டுது. பிள்ளை உதைச்சா பயம், உதைக்கலைன்னா அதைவிடப் பயம். மத்தியானம் ரொம்ப நேரம் அசையாம கிடந்துச்சு. ஜன்னல்கிட்ட உக்காந்து கண்ணீர் விட்டுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் எஞ்சின் வந்துச்சு. இந்தத் தடவை டேபிள் ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டு நின்னுச்சு. சந்தியாகு அண்ணாச்சி விசில் அடிச்சும் நகரலை. என் வயித்துக்குள்ள பிள்ளை புரண்டுச்சு, நான் கண்ணைத் துடைச்சேன். பிறகுதான் டேபிள் அசைஞ்சுது.

ஆகஸ்ட் 11

கிரீஸ் போடவே இல்லை. நேத்து அண்ணன் முதுகு வலின்னு படுத்தான். மாட்டுற டேபிளைத் தள்ளித் தள்ளித்தான் வலி. அந்த மனுசனுக்கும் வலிக்கும்தானே, அங்க தைலம் தேய்ச்சுவிட யார் இருக்கா. நான் அண்ணனுக்காகத்தான் சொல்லுதேன்.

போர்மேன் வீட்டம்மா அதிரசம் கொண்டுக்கிட்டு என்னைப் பார்க்க வந்தாக. "உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி அந்தக் கண்ராவி டேபிளை ரிப்பேர் பார்க்கச் சொல்லுங்கம்மா"ன்னு போட்டு வச்சேன். எப்பிடியோ ஒரு வழி பண்ணியாச்சு.

ஆகஸ்ட் 13

எதுல கொண்டு போய் விட்டுட்டேன்.

காலையிலயே போர்மேன் அய்யா வந்துட்டாரு, ரெண்டு பிட்டர், ஒரு டின் கிரீஸ், சுத்தியல் எல்லாத்தோடயும். சந்தியாகு அண்ணாச்சி எஞ்சினை ஏத்தி நிறுத்தினாரு. போர்மேன், அண்ணனையும் அந்த மனுசனையும் ஒதுங்கி நிக்கச் சொல்லிட்டு, பிட்டர் ரெண்டு பேரையும் தள்ளச் சொன்னாரு. டேபிள் வெண்ணெயா வழுக்கிக்கிட்டு சுத்துச்சு. எங்க ஜன்னலுக்கு நேரே வந்துச்சு, நிக்காமப் போச்சு. திரும்பத் தள்ளினாக. திரும்பவும் நிக்கலை. போர்மேன் குழிக்குள்ள இறங்கி முளையைத் தடவிப் பார்த்துட்டு மேல வந்தாரு.

"இது நல்லாத்தான இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்பிடி மாட்டுது?"

ரெண்டு பேரும் தரையைப் பார்க்காக. பிறகு அண்ணன்தான் சொன்னான், "வெயில் ஏறினா மாட்டும் அய்யா. இரும்பு பாருங்க."

"ஆமாய்யா. வெயில்"னாரு அந்த மனுசன்.

ஒண்ணரை மாசத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப் போனது இதுதான். போர்மேன் சந்தியாகு அண்ணாச்சியைப் பார்த்தாரு. அண்ணாச்சி எஞ்சின்லயிருந்து டேபிள் நிக்கிற இடத்தைப் பார்த்தாரு, அங்கயிருந்து நேரே எங்க ஜன்னலைப் பார்த்தாரு. நான் சடார்னு குனிஞ்சேன், வயிறு விடலை.

"வெயில்தான் அய்யா"ன்னாரு அண்ணாச்சி. "கிழக்கு வெயில் கொஞ்சம் கடுமை."

ஆகஸ்ட் 14

யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். ஒருத்தர் கையை எடுத்தாலும் இன்னொருத்தர் தள்ளினா டேபிள் ஊர்ந்து போயிரும். ரெண்டு பேரும் விட்டாத்தான் நிக்கும். அப்ப அண்ணனும் அந்தக் கடைசியில கையை விட்டுட்டுத்தான் நின்னிருக்கான். பேச மாட்டானாம், ஆனா நிப்பானாம்.

சாயங்காலம் அண்ணனுக்குக் காப்பி குடுக்கும்போது, "முதுகு வலி எப்பிடிண்ணே இருக்கு?"ன்னேன். என் முகத்தைப் பார்க்காம, "அது கட்டில்ல கோணலாப் படுத்ததுல வந்தது"ன்னான்.

ஆகஸ்ட் 15

தலைக்குக் குளிச்சேன். பூக்காரி வந்தா, சும்மா கொஞ்சம் வாங்கி வச்சேன். ஜன்னல் கம்பி எல்லாம் கரியா இருந்துச்சு, துடைச்சேன்.

டேபிள் மாட்டிச்சு.

ஆகஸ்ட் 21

ஆனாலும் ஒண்ணு கேக்கணும். இம்புட்டுப் பார்க்கிற மனுசனுக்கு நாலு எட்டு நடந்து வாசலுக்கு வந்து "எப்பிடி இருக்க"ன்னு கேக்க என்ன கேடு? நானாப் போய்க் கேக்க மாட்டேன். எனக்கும் ரோசம் இருக்கு.

செப்டம்பர் 4

எட்டாம் மாசம் தாண்டிட்டேன்.

செப்டம்பர் 5

மதினி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைச்சுட்டு வந்தா. பாதி மூடியைக் காணோம். "எங்க மதினி?"ன்னேன். "மேற்கு வீட்டு வாசல்ல வச்சுட்டு வந்தேன், ஆளு மூடியைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டு அழுதுட்டாரு"ன்னு சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா. ராத்திரிச் சோறு இறங்கலை.

செப்டம்பர் 27

ஜங்ஷன் ஆஸ்பத்திரியில இருந்து எழுதுதேன். பொம்பளைப் பிள்ளை. பக்கத்துல கிடக்கு. மூச்சு விடுதான்னு அரை வரிக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டு எழுதுதேன்.

முந்தாநாள் பகல்ல, பாசஞ்சர் வந்து நிக்கிற நேரத்துல வலி எடுத்துச்சு. இன்னும் நாள் இருக்குன்னுதான் எல்லாரும் நினைச்சோம். செங்கரையில டாக்டர் கிடையாது, அதே வண்டியிலதான் ஜங்ஷனுக்குப் போகணும். எஞ்சினைத் திருப்பாமப் போனா பின்னாலயே ஊர்ந்துக்கிட்டுத்தான் போகணும். மதினி வாசல்ல நின்னு கத்தினா. "சொர்ணத்துக்கு வலி வந்துட்டுது!"

நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னிக்கு மட்டும் டேபிள் எங்கயும் நிக்கலை. எங்க ஜன்னலைத் தாண்டும்போது அந்த மனுசன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓட்டமாத் தள்ளுதாரு. அந்தக் கடைசியிலயிருந்து அண்ணன் குரல் கேட்டுச்சு, "தள்ளு மாப்ளே, தள்ளு!" இந்தக் கடைசியிலயிருந்து "ஆச்சு மச்சான், ஆச்சு!" அம்புட்டு வலியிலயும் எனக்கு அது காதுல விழுந்துச்சு.

ரெண்டு பேருமா என்னைத் தாங்கிப் பெட்டியில ஏத்தினாக. அண்ணனும் ஏறப் போனான். பிறகு என்ன நினைச்சானோ, இறங்கிட்டான். "மாப்ளே, நீ போ"ன்னான்.

"டேபிளு?"

"அதை நான் பார்த்துக்கிடுதேன். போடே."

வண்டி கிளம்பினதும் நான் கேட்டுட்டேன். வலி வந்தா ரோசமெல்லாம் எங்க இருக்கு. "வளைகாப்புக்கு ஏன் வரலை?"

என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கை பூரா கிரீஸ். "போன தடவை ஊரைக் கூட்டிச் சிரிச்சேன், சொர்ணம். யார் கண்ணு பட்டுச்சோ. என் கண்ணேதான் பட்டுச்சோன்னு தோணுச்சு. இந்தத் தடவை சத்தங்காட்டாம இருந்தா, பிள்ளை நம்மகிட்டத் தங்கிரும்னு நினைச்சேன். பக்கத்துல வந்தா சந்தோசத்தை அடக்க முடியாது. அதான் குழிக்குள்ள போய் உக்காந்துக்கிட்டேன். உன் வளையல் சத்தம் எல்லாம் அங்க வரைக்கும் கேட்டுச்சு."

"பைத்தியக்கார மனுசா"ன்னேன். மூணு மாசமா நெஞ்சுல கிடந்தது எல்லாம் அழுகையா வந்துட்டுது. அவுகளும் அழுதாக.

பிள்ளையைக் கையில குடுத்ததும், கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்னு நகர்த்தி நகர்த்தி எடை எங்க விழுதுன்னு தேடுதாக. நர்ஸு, "என்னய்யா, எஞ்சினா அது?"ன்னு சிரிச்சா.

செப்டம்பர் 28

அண்ணன் வந்தான். அன்னிக்குச் சாயங்கால எஞ்சினுக்கு எதிர் முனையில தள்ள ஆள் கிடைக்காம, மதினி சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு வந்து தள்ளினாளாம். "உன்னைவிட நல்லாத் தள்ளுதா மாப்ளே"ங்கான். பிள்ளையைத் தூக்கினவன் திருப்பித் தரவே இல்லை.

அக்டோபர் 10

ஆஸ்பத்திரியிலயிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தாச்சு. மூணாம் மாசம்தான் மேற்கு வீட்டுக்குப் போகணும், அதுதான் முறை. பிள்ளைக்கு வடிவுன்னு பேர் வச்சாச்சு. இப்ப டேபிள் தினமும் மாட்டுது. நான் பிள்ளையை ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டுதேன். சாயங்காலம் வாசல் வழியாவும் வாறாக, அது வேற. ஆனா டேபிள்ல நிக்கிறதை விடலை.

நவம்பர் 2

பிள்ளைக்குச் சளி. கற்பூரவல்லிச் சாறு குடுத்தேன். வேற ஒண்ணுமில்லை.

டிசம்பர் 19

நேத்து நல்ல நேரம் பார்த்து வீட்டுக்கு வந்துட்டேன். டேபிளைச் சுத்தித்தான் நடந்தேன், இந்தத் தடவை பிள்ளையோட. அவுக பரண்லயிருந்து தொட்டிலை இறக்கித் துடைச்சு வச்சிருந்தாக. ஒரு பலகை மட்டும் கை பட்டுப் பட்டுத் தேஞ்சு பளபளன்னு இருந்துச்சு. இந்த ரெண்டு வருசத்துல எத்தனை தடவை பரண்ல ஏறித் தடவிப் பார்த்தாகளோ.

அண்ணன் வாசல் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தான். உள்ள வான்னா வரலை. "ரெண்டு நாள் கழிச்சு வாறேன்"னு சொல்லிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டே போயிட்டான்.

டிசம்பர் 20

காலையில எஞ்சின் வந்துச்சு. எப்பவும் போல அவுக வடக்கு முனை, அண்ணன் தெக்கு முனை, வலமாச் சுத்துதாக. நான் இந்த வீட்டு ஜன்னல்ல பிள்ளையோட நின்னேன். பாலம் கிழக்கு மேற்கா வந்துச்சு, டேபிள் அதே இடத்துல மாட்டிக்கிட்டு நின்னுச்சு.

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அவுக அந்த ஜன்னலுக்கு நேரே நிக்கும்போதெல்லாம், அண்ணன் இந்தக் கடைசியில, பூட்டிக் கிடந்த இந்த வீட்டுக்கு நேரேதான் நின்னிருக்கான். என்னத்தைப் பார்க்க? வெறும் கதவைப் பார்த்துக்கிட்டு, மாப்பிள்ளை பார்த்து முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கான். ஒரு நாளும் அவசரப்படுத்தலை.

இன்னிக்கு அவன் எனக்கு நேரே நிக்கான். துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கான், கழுத்தைத் துடைக்கான், திரும்ப முகத்தைத் துடைக்கான். எஞ்சினுக்கு அந்தாண்ட, ஆளில்லாத அந்த ஜன்னலைப் பார்த்துக்கிட்டு, அவுக சும்மா நிக்காக.

சந்தியாகு அண்ணாச்சி எட்டிப் பார்த்தாரு. "ஏலே, இன்னுமா மாட்டுது?"

"வெயிலு அண்ணாச்சி"ன்னு அந்தக் கடைசியிலயிருந்து அவுக குரல் குடுத்தாக.

மார்கழி மாசம். விடிஞ்சதுலயிருந்து தூறிக்கிட்டு இருக்கு. நான் வடிவோட கையைத் தூக்கி அவ மாமனுக்குக் காட்டினேன்.